சூழல் மாறி

"சூழல் மாறி... மாறி என்னக்கா ஆச்சு?"

மன்னார்குடில சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாடி ரூம்ல பத்துப் பன்னெண்டு பசங்களுக்கு லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டர ஓட்டற ஒரு இயங்குதளம்) சொல்லிக் குடுக்குறேன். அதுல திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சு வர்ற ஒரு பொண்ணு, போர்டுல எழுதுனத நோட்டுல எழுதிட்டு கேட்ட கேள்வி இது. என்விரான்மென்ட் வேரியபிள்ங்கறதுக்கு தமிழ்ல சூழல் மாறின்னு எழுதிருந்தேன், கணக்குல எக்ஸ், ஒய்ய மாறின்னு சொல்வோம்ல அந்த மாறி. அவ அத வினையெச்சமா படிச்சிருக்கா. மழை பெஞ்சு, ஆறு பெருகி, சூழல் மாறி... அப்படின்னு வாக்கியம் பாதில நிக்குது, அக்கா மிச்சத்தையும் எழுதுவாங்கன்னு பேனாவ புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கா.

அவ படிச்சதுல ஒரு தப்பும் இல்ல. அந்த ரெண்டு சொல்லும் சேந்தா தமிழ்ல அப்படியும் படிக்கலாம், இப்படியும் படிக்கலாம். மூணு வாரமா இது மனசுலயே ஓடிக்கிட்டு இருக்கு, எழுதிட்டா தேவலைன்னு தோணுச்சு.

மொதல்ல அந்தச் சாமான் என்னன்னு சொல்லிடறேன், தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போங்க. ஒரு ப்ரோக்ராம் ஆரம்பிக்கும்போது அது கைல ஒரு சீட்டு குடுத்து அனுப்புவாங்க. சீட்டு முழுக்க பேரு, பேருக்கு நேரா ஒரு மதிப்பு, அவ்வளவுதான். ஹோம்னு ஒரு பேரு, அதுக்கு நேரா ஒன்னோட வீடு எந்த ஃபோல்டர்னு இருக்கும். பாத்னு ஒரு பேரு, ஒரு கட்டளை சொன்னா அத எந்தெந்த ஃபோல்டர்ல எந்த வரிசைல போய் தேடணும்னு அதுல இருக்கும். லாங்னு ஒரு பேரு, அது நீ பேசுற மொழி. டிஇசட்னு ஒண்ணு, அது நீ இருக்குற எடத்தோட நேரம், நம்மளுக்கு ஏசியா/கொல்கத்தா. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸோட ஏழாவது பதிப்பு 1979ல வந்துச்சு, அதுலேர்ந்து இந்த ஏற்பாடு இருக்கு, இன்னிக்கு உங்க ஃபோனுக்குள்ளயும் இருக்கு. ப்ரோக்ராம எழுதுனவரு இந்தச் சீட்ட எழுதல, அதுவா போய் கேட்டும் வாங்கல, பொறக்கும்போதே கைல இருந்துச்சு.

நான் மொத மொதல்ல இத பாத்தது காலேஜ்ல. ஜாவா லேப், எல்லாம் சரியா டைப் பண்ணியாச்சு, ஜாவா ப்ரோக்ராம கம்பைல் பண்ற ஜாவாசிங்கற கட்டளைய அடிச்சா "இஸ் நாட் ரெகக்னைஸ்டு" அப்படின்னு வருது. ஜாவா டிஸ்க்ல இருக்கு, கண்ணால பாக்குறேன், ஆனா இல்லங்குது. லேப்ல இருந்த அண்ணன் வந்து மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ் போய், அட்வான்ஸ்டு போய், என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்னு ஒரு பட்டன அமுக்கி, பாத்துல ஒரு அரைப்புள்ளி வெச்சு என்னமோ சேத்தாரு, ஓடிருச்சு. என்னண்ணே பண்ணீங்கன்னு கேட்டேன், "பாத் செட் பண்ணேன்"னாரு. அந்தப் பட்டன்ல ஏன் என்விரான்மென்ட்னு எழுதிருக்கு, அது மரம் செடி கொடியாச்சேன்னு அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு யோசிச்சது இன்னும் நெனவுல இருக்கு. ஸ்கூல்ல எங்களுக்கு சுற்றுச்சூழல்னா புகை விடுற ஃபேக்டரி படம், பக்கத்துல பச்சையா ஒரு மரம், கீழ "சுற்றுச்சூழலைப் பாதுகாப்போம்". அந்தப் படத்துல மனுஷன் எப்பவும் கொஞ்சம் தள்ளி நின்னு அத பாதுகாத்துக்கிட்டு இருப்பான்.

இப்ப எங்க பசங்களுக்கு நான் அத வாய்க்கால வெச்சுதான் சொல்லிக் குடுக்குறேன். இங்க இருக்கறவங்களுக்கு அது ரத்தத்துல இருக்கு. கல்லணைல காவேரிலேர்ந்து வெண்ணாறு பிரியுது. நீடாமங்கலம் பக்கத்துல மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா போவுது. பாமணிலேர்ந்து ஏ வாய்க்கால், ஏலேர்ந்து பி, பிலேர்ந்து சி, சிலேர்ந்து டி, டிலேர்ந்து மடை, மடைலேர்ந்து வயல். லினக்ஸ்லயும் இதே கதைதான். ஓடிக்கிட்டு இருக்கற ப்ரோக்ராமுக்கு ப்ராசஸ்னு பேரு. ஒண்ணாம் நம்பர் ப்ராசஸ்னு ஒண்ணு மொதல்ல கெளம்பும், அதுலேர்ந்து ஒண்ணு, அந்த ஒண்ணுலேர்ந்து நாலு. தாய் ப்ராசஸ், சேய் ப்ராசஸ்னு சொல்வோம். தாய்கிட்ட இருக்கற சூழல் சேய்க்குப் போவும். சேய் தன் சூழல்ல என்ன மாத்துனாலும் அது தாய்க்குத் திரும்பிப் போவாது, நம்ம டி வாய்க்கால்ல கொட்டுனது கல்லணைக்கு ஏறுமா? ஏறாது. அதே மாதிரி.

ஆனா ஒரு எடத்துல வாய்க்கால் உவமை ஒடையுது, அத பசங்ககிட்ட மறைக்கக்கூடாதுன்னு சொல்லிடுவேன். வாய்க்கால்ல மேல தண்ணி கொறைஞ்சா கீழயும் கொறையும். ப்ராசஸ்ல அப்படி இல்ல. சேய் பொறக்குற அந்த நேரத்துல தாயோட சீட்ட ஒரு நகல் எடுத்து குடுத்துருவாங்க. அதுக்கப்புறம் தாய் என்ன மாத்துனாலும் ஓடிக்கிட்டு இருக்கற சேய்க்குத் தெரியாது. இது கட்டுச்சோறு மாதிரி. வீட்லேர்ந்து கெளம்பும்போது கட்டிக் குடுத்ததுதான், மறுநாள் வீட்ல என்ன கொழம்பு வெச்சாங்கன்னு பஸ்ல போறவனுக்குத் தெரியாது.

இத சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். 2001ல மெட்ராஸுக்கு வேலைக்குப் போனவ நான், 2020ல லாக்டவுன்லதான் லேப்டாப்போட ஊருக்குத் திரும்பி வந்தேன். நடுவுல தீபாவளிக்கு வருவேன், பொங்கலுக்கு வருவேன், ரெண்டு நாள் இருப்பேன், போயிருவேன். என்கிட்ட இருந்த ஊரு 2001ல எடுத்த நகல். ஜூன் 12ன்னா மேட்டூர் தெறக்கும், பத்துப் பதினைஞ்சு நாள்ல நம்ம வாய்க்காலுக்கு தண்ணி வரும், குறுவை நாத்து விடுவாங்க, இதுதான் என் சீட்டுல எழுதிருந்துச்சு. திரும்பி வந்து எங்க சித்தப்பாகிட்ட "தண்ணி என்னிக்கு சித்தப்பா வரும்"னு கேட்டா அவரு ஃபோன எடுத்து மேட்டூர் எத்தனை அடின்னு பாக்குறாரு. 2022ல மே 24லயே தெறந்தாங்க. 2024ல ஜூன் 12க்கு அணைல தண்ணி இல்ல, ஜூலை கடைசிலதான் தெறந்தாங்க, நிறைய பேரு குறுவையே போடல, போட்டவங்க போர் போட்டு மோட்டார் எறைச்சு போட்டாங்க. இதெல்லாம் அவரு சீட்டுல இருக்கு. என் சீட்டுல இல்லாம இருந்துச்சு.

சரி, சொல்லுக்கு வருவோம். இங்கிலீஷ்ல என்விரான்மென்ட்டுங்கறத இன்னிக்கு நாம சொல்ற அர்த்தத்துல புழக்கத்துக்குக் கொண்டு வந்தவரு தாமஸ் கார்லைல்னு சொல்வாங்க, 1828ல, ஜெர்மன்ல உம்கேபுங்னு ஒரு சொல்லுக்கு எணையா. அடில இருக்கறது சுத்தி, வட்டம்ங்கற அர்த்தம் உள்ள ஒரு பழைய பிரெஞ்சு சொல்லு. நம்ம சூழ்ங்கறதும் சுத்திக்கிட்டு நிக்கறதுதான், ஆனா நம்மகிட்ட அது அதோட நிக்கல. சூழ்றதுன்னா கலந்து யோசிக்கறதும்தான். திருக்குறள் 671ல வர்ற சூழ்ச்சிக்கு சதின்னு அர்த்தம் இல்ல, ஆலோசனைன்னு அர்த்தம். நாலு பேரு சுத்தி ஒக்காந்து பேசறது. அப்புறம் சுற்றம். சுற்றந்தழால்னு ஒரு அதிகாரமே இருக்கு, சொந்தக்காரங்கள தழுவி வெச்சுக்கறது. சுத்தி இருக்கறது மரமும் காத்தும் மட்டும் இல்ல, மாமனும் மச்சானும் கூட. இந்த மூணும் அர்த்தத்துல பக்கத்துப் பக்கத்துல நிக்கறது எனக்குப் பெரிய விஷயமா படுது, ஏன்னா இங்க ஊர்ல ஆத்துத் தண்ணிங்கறது எப்பவுமே இந்த மூணும் சேந்ததுதான், தண்ணி, அத பங்கு போடற சொந்தபந்தம், மொறை வெச்சு விடறதுக்கு கரைல ஒக்காந்து பேசற பேச்சு.

ஆனா நாம தெனம் பேசறதுல இந்தச் சொல்லு வேற மாதிரி ஆயிருச்சு. சூழ்நிலைன்னு எப்ப சொல்றோம்னு யோசிச்சுப் பாருங்க. "குடும்ப சூழ்நிலை, படிப்ப நிறுத்திட்டேன்." "தவிர்க்க முடியாத சூழ்நிலை காரணமாக..." "சூழ்நிலைக் கைதி." நல்லா நடந்தா யாரும் சூழ்நிலைன்னு சொல்றதில்ல. பிள்ளை நல்ல மார்க் எடுத்தா அது அவன் மூளை, ஃபெயிலானா சூழ்நிலை சரியில்ல. ப்ரோக்ராமும் இப்படித்தான், ஓடுற வரைக்கும் யாரும் என்விரான்மென்ட்டப் பத்திப் பேசறதில்ல, நின்னாத்தான் பேச்சு வருது. நான் வேலை பாத்த எடத்துல ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதுனேன், கையால ஓட்டுனா அழகா ஓடும், ராத்திரி தானா ஓடறதுக்கு கிரான்ல போட்டா ஓடல. மூணு ராத்திரி பேக்கப் இல்ல, நாலாவது நாள்தான் பாத்தோம். என் டெர்மினல்ல இருந்த பாத் நீளம், கிரான் குடுக்கற பாத் ரொம்ப சின்னது. ஸ்கிரிப்ட்ல ஒரு எழுத்து மாறல. நான் பகல்ல ஓட்டும்போது எனக்குத் தெரியாமலே என் சூழல் அதுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம், பசங்களுக்கு ரெண்டு தடவ சொல்லுவேன். ஷெல்லுல, அதாவது நாம கட்டளை டைப் பண்ற எடத்துல, இல்லாத ஒரு மாறியக் கேட்டா எரர் வராது. சும்மா வெத்தா ஒண்ணு வரும், வேலை பாட்டுக்கு ஓடும். இந்த ஃபோல்டருக்குள்ள இருக்கறத அழின்னு எழுதிருப்ப, அந்த ஃபோல்டர் பேரு மாறிக்குள்ள இருக்கும், மாறி காலியா இருந்தா மிஞ்சறது ரூட் மட்டும், அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேல இருக்கற ஃபோல்டர், மொத்த டிஸ்க்கையும் அழிக்கப் போயிரும். அதுக்குன்னு செட் மைனஸ் யூன்னு ஒண்ணு இருக்கு, இல்லாத பேரக் கேட்டா அங்கயே நில்லுன்னு சொல்றது. ஊர்லயும் இப்படித்தான், இல்லாமப் போனதுக்கு எரர் வராது. எங்க தெரு பின்னாடி வயல்ல ஐப்பசி ராத்திரில தவளைச் சத்தம் தூங்க விடாது, சின்னப் புள்ளைல. இப்ப அந்த அளவுக்கு இல்ல. எப்ப கொறைஞ்சுதுன்னு சித்தப்பாவக் கேட்டேன், அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "தெரியலயே பாப்பா, நீ கேட்டாத்தான் எனக்கே தெரியுது"ங்கிறாரு. கஜா வந்தப்ப, 2018 நவம்பர் 16, வேதாரண்யம் பக்கம் கரை ஏறி எங்க பக்கம் தென்னைய பூரா சாய்ச்சுப் போட்டுச்சு, அது எல்லாருக்கும் தேதியோட தெரியும். தவளைக்கு தேதி இல்ல.

சட்டத்துல என்விரான்மென்ட்டுக்கு என்ன சொல்லிருக்காங்கன்னு தேடிப் படிச்சேன். 1986ல, போபாலுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு வந்த சட்டம். தண்ணி, காத்து, நெலம், அது மூணுக்கும் நடுவுல உள்ள ஒறவு, அப்புறம் அதுக்கும் மனுஷங்க, மத்த உயிருங்க, செடிகொடி, கண்ணுக்குத் தெரியாத உயிருங்க, சொத்து இதுக்கெல்லாம் நடுவுல உள்ள ஒறவு, இதுதான் என்விரான்மென்ட்னு போட்டுருக்கு. ஒறவுங்கறது சட்டத்துலயே இருக்கு, நம்ம சுற்றம் மாதிரி. நல்ல வரைவு, மனசாரச் சொல்றேன். ஆனா எங்க ஊர் டீக்கடைக்கு சுற்றுச்சூழல்ங்கற சொல்லு வந்தது அந்த வழில வரல. மீத்தேன், ஹைட்ரோகார்பன்னு பேச்சு வந்தப்ப "சுற்றுச்சூழல் அனுமதி"ங்கற ரூபத்துலதான் வந்துச்சு. யாரோ எங்கயோ குடுக்கற ஒரு பேப்பர். 2020 ஜனவரில எண்ணெய், எரிவாயு இருக்கான்னு ஆய்வுக் கெணறு தோண்டறதுக்கு மக்கள்கிட்ட கருத்துக் கேட்பு வேண்டாம்னு விதிய மாத்துனாங்க, அதுக்கு அடுத்த மாசமே இங்க சட்டசபைல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் வந்துச்சு, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர் புதுக்கோட்டைல சில வட்டாரம். ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கற கெணறுகள அந்தச் சட்டம் தொடல. கருத்துக் கேட்புங்கறத நான் அந்தப் பழைய சூழ்ச்சின்னுதான் பாக்குறேன், சுத்தி ஒக்காந்து யோசிக்கறது. அத எடுத்துட்டா சொல்லோட பாதி அர்த்தம் போயிருது.

இன்னொரு எடத்துலயும் இந்தச் சொல்லு இருக்கு, அது எனக்குப் புடிச்சது, நெல் ஆராய்ச்சி. ஆடுதுறைல 1922லேர்ந்து நெல்லு ஆராய்ச்சி நடக்குது, ஏடிடின்னு ஆரம்பிக்கற ரகமெல்லாம் அங்கேர்ந்து வந்தது, குறுவைக்குப் போடற ஏடிடி 43, நூத்திப் பத்து நாள் பக்கம் வர்றது. அங்க அவங்க ஜி, ஈன்னு ரெண்டு எழுத்து வெச்சுருக்காங்க, ஜின்னா ரகத்துக்குள்ள இருக்கற மரபு, ஈன்னா என்விரான்மென்ட். வெளைச்சல் இந்த ரெண்டையும் கூட்டுனா வர்றதில்ல, ரெண்டும் ஒண்ண ஒண்ணு தொட்டு வர்றது தனியா ஒண்ணு இருக்கு, அத ஜி இன்ட்டு ஈம்பாங்க. ஒரு எடத்துல மொத வர்ற ரகம் இன்னொரு எடத்துல கடைசில நிக்கும். அதனால மொதல்ல ஆராய்ச்சிப் பண்ணைல, அப்புறம் பல எடத்துப் பண்ணைல, அப்புறம் விவசாயி வயல்லயே போட்டுப் பாத்துட்டுத்தான் வெளியிடுவாங்க. சாஃப்ட்வேர்ல டெவ் (எழுதற எடம்), ஸ்டேஜிங் (ஒத்திகை எடம்), ப்ரொடக்ஷன் (நெஜமா ஓடற எடம்)னு மூணு என்விரான்மென்ட் வெச்சு சோதிக்கறது அச்சு அசல் இதேதான். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு ஒருத்தன் சொல்றதும், "ஆடுதுறைல நல்லா வந்துச்சுன்னா? அங்க தண்ணி மொதல்ல போவுது, நமக்குக் கடைசில வருது"ன்னு எங்க சித்தப்பா சொல்றதும் ஒரே பேச்சு.

அந்த "என் மெஷின்ல ஓடுதே"க்கு மருந்தா 2013ல டாக்கர் வந்துச்சு, ப்ரோக்ராமையும் அதுக்கு வேண்டிய சூழலையும் ஒண்ணா கட்டி அனுப்பிடறது. இத சொல்லும்போது பசங்கள்ல ஒருத்தன் "பாய் நாத்தங்கால்"னான். மெஷின் நடவுக்கு பாய் மாதிரி வளத்து, சுருட்டி, வேரு மண்ணோட எடுத்துட்டுப் போவாங்கல்ல, அது. எவ்வளவு சரியான உவமை. மண்ணு கூட வரும், ஆனா தண்ணி போற எடத்துத் தண்ணிதான். டாக்கர் கட்டி அனுப்பற கன்டெய்னரும் அப்படித்தான், கெர்னல்ங்கற அடி மென்பொருள் அது எறங்கற மெஷினோடது. நான் இருபது வருஷம் அந்த வேலைல இருந்தும் எனக்கு இது தோணல.

ப்ரோக்ராமிங் மொழிக்காரங்க இத இன்னும் ஆழமா வெச்சுருக்காங்க. ஒரு பேரு சொன்னா எது ஞாபகத்துக்கு வரணும்னு வெச்சுருக்கற பட்டியல்தான் அவங்களுக்கு என்விரான்மென்ட். ஆறுன்னு எங்க ஊர்ல சொன்னா பாமணி, தஞ்சாவூர்ல சொன்னா சில பேருக்குப் புதாறு, நீடாமங்கலத்துல வெண்ணாறு. பேரு ஒண்ணு, எடம் மாறுனா மதிப்பு மாறும். இதுல ஒரு ஃபங்ஷன், அதாவது கூப்புட்டா வேலை செய்யற ஒரு சின்ன ப்ரோக்ராம் துண்டு, தான் பொறந்த எடத்துப் பட்டியலக் கூடவே எடுத்துக்கிட்டுப் போனா அதுக்கு க்ளோஷர்னு பேரு. எங்க போய் கூப்புட்டாலும் பொறந்த எடத்து அர்த்தத்துலதான் பேசும். எங்கம்மா என்கூட மெட்ராஸ்ல பன்னெண்டு வருஷம் இருந்தாங்க. அடையாறு பாலத்து மேல பஸ்ல போகும்போது கூட "ஆத்துல தண்ணி வந்துருச்சாமா?"ன்னு கேப்பாங்க. கீழ ஓடறத கேக்கலன்னு எனக்குத் தெரியும்.

அதனால மொழிபெயர்க்கறவங்களுக்கு என்னோட ஒரே வேண்டுகோள், கம்ப்யூட்டர்ல என்விரான்மென்ட்னு வர்ற எடத்துல எல்லாம் கண்ண மூடிக்கிட்டு சுற்றுச்சூழல்னு போடாதீங்க, சூழல்னே போடுங்க. ஆனா வேற புதுச் சொல்லுக்கும் போயிராதீங்க. நெல்லுக்கும் ப்ராசஸுக்கும் ஆத்துக்கும் ஒரே சொல்லு இருக்கட்டும். தொல்காப்பியத்துல நிலமும் பொழுதும் முதற்பொருள்னு படிச்சோம், பாட்டுல வர்ற மத்ததெல்லாம் அது மேலதான் நிக்கும். லினக்ஸ்ல மொழியும் நாடும் ஒரு மாறில, நேரம் இன்னொரு மாறில. அன்னிக்கு கிளாஸ்ல லாங்கத் தமிழ் இந்தியான்னு மாத்திட்டு டேட்னு அடிச்சுக் காட்டுனேன், சனிங்கறது தமிழ்ல வந்துச்சு, பசங்க எல்லாரும் எழுந்து வந்து ஸ்க்ரீன்ல எட்டிப் பாத்தாங்க.

அந்தப் பொண்ணு மட்டும் எழுந்திருக்கல. வாய்க்கால் படத்த நோட்டுல வரைஞ்சு வெச்சுருந்தா, மேட்டூர்லேர்ந்து டி வாய்க்கால் வரைக்கும், அடில அவங்க அப்பா வயல் சர்வே நம்பரோட. அவங்க ஊரு கடைமடை. "அப்ப கீழ இருக்கறது மேல எதுவுமே சொல்ல முடியாதாக்கா?"ன்னா.

ஒண்ணே ஒண்ணு சொல்லலாம்னேன். சேய் முடிஞ்சு போகும்போது தாய்க்கு ஒரு நம்பர் விட்டுட்டுப் போவலாம், 0லேர்ந்து 255க்குள்ள. 0ன்னா நல்லபடியா முடிஞ்சுது. வேற எதுன்னாலும் ஏதோ ஆயிருச்சு. அதுவும் தாய் வெயிட்னு ஒண்ணு போட்டு காத்துக்கிட்டு இருந்தாத்தான் காதுல விழும்.

"பயிர்க் கணக்கு அடங்கல்ல விஏஓ எழுதுற நம்பர் மாதிரியா?"

ஆமான்னேன்.

அவ கொஞ்ச நேரம் படத்தப் பாத்துட்டு, "முடிஞ்சதுக்கு அப்புறம்தானா, ஓடிக்கிட்டு இருக்கும்போது பேச முடியாதா"ன்னு கேட்டா. முடியும், அதுக்கு பைப்னு ஒண்ணு இருக்கு, அத ஆரம்பத்துலயே போட்டு வெச்சுக்கணும்னு சொன்னேன். மணி ஏழரை ஆயிருச்சு, அவளுக்குக் கடைசி பஸ். அடுத்த சனிக்கிழமை அதுதான் பாடம்.